நம்பிக்கைப் பட்டியலின் பதவி உயர்வு

பதினொரு விநாடி வேலை. அதை யாரும் செய்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்கு எங்கள் குடிநீர் வாரியத்தில் ஒரு குழு இருக்கிறது. 'நிறுவப்பட்ட மென்பொருள் நிலை உயர்வுப் பரிந்துரைக் குழு' என்பது அதன் முழுப்பெயர். மூன்று உறுப்பினர்கள், ஒரு நீள மேசை, மேசை மேல் ஒரு மணி. அந்த மணியை யாரும் அடித்து நான் கேட்டதில்லை. அதற்கும் ஒப்புதல் வேண்டுமோ என்னவோ.

நான் வாரியத்தின் கட்டுப்பாட்டு அறையில் இயந்திரக் காப்பாளன். நான் காப்பது மேசைக்கு அடியில் முனகிக்கொண்டிருக்கும் ஒரு கருப்புப் பொட்டி. அதனால் என்னையும் 'பொட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். நகரத்தில் நாற்பத்து மூன்று வால்வுகள். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் என்று நீர்த்தேக்கத்திலிருந்து உத்தரவு வரும். பொட்டி அதைச் சரிபார்த்து வால்வைத் திறக்கும், மூடும். யூனிக்ஸ் வகையறா இயந்திரம். சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது, காரணம் கேட்டால் உள்ளதைச் சொல்லும். வாரியத்தில் அப்படிப்பட்டது அது ஒன்றுதான்.

இந்த வகை இயந்திரத்தில் மென்பொருள் ஒரே மூட்டையாக இருக்காது. சின்னச் சின்ன பேக்கேஜ்களாக இருக்கும். ஒன்று நேரம் பார்க்கும், ஒன்று எழுத்தைத் திரையில் காட்டும், ஒன்று கதவில் நின்று யார் என்று கேட்கும். எங்கள் பொட்டியில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. அவற்றை எழுதியவர்கள் எங்கெங்கோ உட்கார்ந்து, கண்ணில் படும் ஓட்டைகளை அடைத்துக்கொண்டே இருப்பார்கள். அடைத்ததும் புதுப் பதிப்பு வரும். நாம் செய்ய வேண்டியதெல்லாம் ஒரு வரிக் கட்டளையை அடித்து, விசைப்பலகையில் 'என்டர்' என்கிற பெரிய விசையைத் தட்டுவது. இயந்திரமே போய்ப் புதியதைக் கொண்டுவந்து பழையதன் இடத்தில் வைத்துக்கொள்ளும். குழாயில் வாஷர் மாற்றுவது இதைவிடச் சிரமம்.

அந்த ஆயிரத்துச் சொச்சத்தில் ஒன்றின் பெயர் நம்பிக்கைப் பட்டியல். யார் கையெழுத்திட்ட உத்தரவை நம்பலாம் என்ற விவரம் அதில் இருக்கும். எங்களிடம் இருந்தது பதிப்பு 4.1. அடுத்த மாதக் கடைசியோடு அது காலாவதி. அதன்பிறகு பொட்டி நீர்த்தேக்கத்தின் உத்தரவை நம்பாது, நம்பாவிட்டால் வால்வைத் திறக்காது. பதிப்பு 4.9 எப்போதோ வந்துவிட்டது. எங்களுக்கு நாற்பது நாள் இருந்தது, வேலையோ பதினொரு விநாடி.

இதில் எனக்கென்ன அவசரம் என்று கேட்கலாம். நாற்பத்து மூன்றாவது வால்வுக்குக் கீழே, தெருக் கோடியில், என் அக்காவின் சலவைக்கடை இருக்கிறது. பிரசவ ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகள் அங்கேதான் வருகின்றன. நாளுக்கு முந்நூறு. அவற்றைத் தோய்த்து, காய்ச்சி, இஸ்திரி போட்டு, மறுநாள் காலை ஏழு மணிக்குள் அத்தான் வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மூன்று நாள் தவறினால் வேலையை வேறு கடைக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஆஸ்பத்திரியில் எழுதியே வாங்கியிருந்தார்கள். ஆஸ்பத்திரி போனால் கடை போச்சு, கடையில் வேலை பார்க்கும் நாலு பேரும் தெருவில்.

விதி ஒன்பது எனக்கு மனப்பாடம். 'வாரியப் பணியாளர் எவரும், குழுவின் எழுத்துமூல உத்தரவின்றி, இயந்திரத்தின் பெரிய விசையை அழுத்தலாகாது.' எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அழுத்திவிட்டார். ஒன்பது வருடமாக விசாரணைக்கு வந்துபோய்க்கொண்டிருக்கிறார். எனவே ஒரு பக்கத்தில் விண்ணப்பம் எழுதிக்கொண்டு குழுவின் முன் போய் நின்றேன்.

குழுத் தலைவர் அதை வாசிப்பதற்கு முன் கையில் தூக்கி எடை பார்த்தார்.

"ஒரே பக்கமா? அப்ப முக்கியமான விஷயம் இல்லபோல."

"முக்கியம் சார். அடுத்த மாசக் கடைசியில தண்ணி நின்னுடும்."

"அது விளைவு. நான் விஷயத்தக் கேக்கறேன்."

விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு வலப்பக்கம் கண்காணிப்பாளர் அம்மா உட்கார்ந்திருந்தார். விதிப்புத்தகத்தை இடுப்புக் குழந்தை மாதிரி இறக்காமல் வைத்திருப்பதால் அவருக்கு 'விதியம்மா' என்று பெயர். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கேட்டார்.

"நாலு புள்ளி ஒண்ணுல இருக்கார். நேரா நாலு புள்ளி ஒன்பதுக்குப் போகணும்னு கேக்கறீங்க. நடுவுல ஏழு படி இருக்கே, அதையெல்லாம் தாண்டிக் குதிச்சிடுவாரா?"

"யாரு மேடம்?"

"இவர்தான். உங்க நம்பிக்கைப் பட்டியல்."

"அது ஆள் இல்ல மேடம், பேக்கேஜ்."

"வாரியத்துல வேலை பாக்குதா, இல்லையா?"

"பாக்குது."

"எத்தனை வருஷமா?"

"ஆறு வருஷமா."

"லீவு போட்டதுண்டா?"

"இல்ல மேடம்."

"அப்ப பணியாளர்தான். விதி நாலு. 'இடைவெளியின்றித் தொடர்ந்து பணியாற்றும் எவரும்.' மனுஷனா இருக்கணும்னு எங்கயும் போடல. ஒரு படிக்கு ரெண்டு வருஷம், எட்டுப் படிக்குப் பதினாறு வருஷம். அதுவரைக்கும் பொறுமையா இருக்கச் சொல்லுங்க அவர."

அவர் கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். விதியம்மா வாழ்நாளில் கேலி செய்ததில்லை.

தலைவருக்கு இடப்பக்கம் பம்புப் பிரிவின் பொறியாளர். ஐம்பது வருடப் பம்புகளைக் கட்டிக்காத்த கை. அவருக்கு இவ்வுலகில் ஒரே ஒரு கேள்விதான் உண்டு.

"இது துரு பிடிக்குமா?"

"பிடிக்காது சார்."

"அப்ப எதுக்கு மாத்தணும்?"



தலைவர் தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் உரை வரும்.

"தம்பி, இந்த வாரியத்துல முப்பத்திரண்டு வருஷமா இருக்கேன். இதுவரைக்கும் ஒண்ண மாத்தினேன்னு யாராவது என்னைக் கை நீட்டிச் சொல்ல முடியுமா? முடியாது. அதனாலதான் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். மாத்தினவங்கல்லாம் இப்ப எங்க இருக்காங்க? மாற்றத்துக்கு நான் எதிரி இல்ல. ஆனா அது தானா நடக்கணும், நம்ம கையெழுத்து இல்லாம நடக்கணும், நாம ஓய்வு பெத்த பிறகு நடக்கணும்."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். பிறகு ஒரு சலுகை செய்தார்கள். பணிப்பதிவேடு ஒழுங்காக இருந்தால் விரைவு உயர்வுக்குப் பரிசீலிக்கலாமாம். பணிப்பதிவேடே இல்லையே என்றேன். திறக்கச் சொன்னார்கள். ஒருவருக்கு மட்டும் திறந்தால் பாரபட்சம் என்பதால் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். பதினெட்டு நாள் நான் வேறு வேலை பார்க்கவில்லை. ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு படிவம். பிறந்த தேதி, தந்தை பெயர், உயரம், பேசத் தெரிந்த மொழிகள். 'அடையாள மச்சம்' என்ற இடத்தில், பேக்கேஜ் நடுவழியில் கைமாறவில்லை என்பதைக் காட்டும் அறுபத்து நாலு எழுத்துச் சரிபார்ப்புக் குறியீட்டை எழுதினேன். அந்தப் படிவத்தில் உருப்படியான தகவல் அது ஒன்றுதான். இரண்டு மச்சம் கேட்டிருக்கிறது, ஒன்றுதானே இருக்கிறது என்று கட்டோடு திருப்பி அனுப்பினார் விதியம்மா. அதே குறியீட்டை இடமிருந்து வலமாக ஒன்று, வலமிருந்து இடமாக ஒன்று எழுதிக் கொடுத்தேன். ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அக்கா தினமும் மாலையில் போன் செய்தாள்.

"டேய் தம்பி, ஒண்ணாந்தேதி தண்ணி வருமா வராதா? ஒரே வார்த்தையில சொல்லு."

"பரிசீலனையில இருக்கு அக்கா."

"அது ஒரே வார்த்தையும் இல்ல, பதிலும் இல்ல. உன்னைப் படிக்க வச்சதுக்கு ரெண்டு டிரம் வாங்கிப் போட்டிருந்தா இப்ப தண்ணியாவது பிடிச்சு வச்சிருப்பேன்."

இரண்டாவது கூட்டத்தில் பதிவேடுகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய் இறக்கினேன். விதியம்மா ஒரு மணி நேரம் புரட்டிவிட்டு ஒரு படிவத்தை உருவி எடுத்தார்.

"நேரம் பாக்கற பேக்கேஜ் இவரைவிட மூத்தவர். ரெண்டு வருஷம் முன்னாடியே சேர்ந்திருக்கார். மூத்தவர் இருக்கும்போது இளையவருக்கு உயர்வு குடுத்தா, அவர் வழக்குப் போடமாட்டாரா?"

"போடாது மேடம்."

"எப்படிச் சொல்றீங்க?"

"அது நேரத்த மட்டும்தான் பாக்கும்."

"நேரம் பாத்துத்தான் எல்லாரும் வழக்குப் போடறாங்க."

ஆகவே ஓர் அறிவிப்பு தயாரானது. நம்பிக்கைப் பட்டியலின் உயர்வுக்கு ஆட்சேபம் உள்ள பேக்கேஜ்கள் ஏழு நாளைக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம். அதைப் பொட்டியின் பக்கவாட்டில் ஒட்டினேன். காற்றுத் துளையை அடைத்ததால் பொட்டி சூடாகி இரண்டுதரம் நின்றது. ஏழு நாளும் முடிந்தது. ஆட்சேபம் எதுவும் வரவில்லை என்று நிம்மதியோடு போய்ச் சொன்னேன்.

தலைவரின் முகம் இருண்டது. "ஆயிரத்து நானூறு பேர்ல ஒருத்தர்கூட வாயத் திறக்கலையா? அப்ப உங்க அறையில ஏதோ மிரட்டல் நடக்குது."

மிரட்டல் பற்றிய விசாரணைக்கு மேலும் ஆறு நாள் போயிற்று. நாற்பதில் ஆறே நாள்தான் மிச்சம். நான் ஒவ்வொரு நாளும் காலையில் வந்து அந்த ஒரு வரிக் கட்டளையை அடிப்பேன். விரலைப் பெரிய விசைக்கு மேலே கொண்டுபோவேன். விதி ஒன்பது ஞாபகம் வரும். ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்பது வருடம் விசாரணைக்கு நடந்து தேய்க்க என்னிடம் செருப்பு இல்லை.

அங்கேதான் விதியம்மா வழி சொன்னார். நியாயமாகச் சொன்னால் அவர் கெட்டவர் இல்லை. தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு இருக்கு. விதி இருபத்தாறு. பணியில இருக்கும்போதே ஒருத்தர் காலமாயிட்டா, வாரிசுக்குக் கருணை அடிப்படையில வேலை. படி, மூப்பு எதுவும் பாக்க வேண்டாம். ஒரே நாள்ல உத்தரவு போட்டுடலாம்" என்றார்.

எனக்கு அவர் காலைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. 4.1-ஐ நீக்கிவிட வேண்டியது, 4.9-ஐ வாரிசு என்று புதிதாக நிறுவ வேண்டியது. நீக்க ஒருமுறை, நிறுவ ஒருமுறை, ஆக இரண்டு தட்டலுக்கும் எழுத்துமூலமாக உத்தரவு வாங்கினேன். மாதக் கடைசி நாளுக்கு முந்தைய நாள் காலை, நம்பிக்கைப் பட்டியலை நீக்கும் கட்டளையை அடித்தேன். இந்தப் பேக்கேஜை நம்பி இருநூற்றுப் பதினான்கு பேக்கேஜ்கள் இருக்கின்றன, அவற்றையும் சேர்த்து நீக்கட்டுமா என்று பொட்டி பதறிக் கேட்டது. அவர்களைத் தொடாதே, இவரை மட்டும் எடு என்று வற்புறுத்தி எடுத்தேன்.

செய்தியைக் கேட்டதும் தலைவர் எழுந்து நின்றார். அவர் எழுந்ததால் எல்லாரும் எழுந்தோம். இரண்டு நிமிட மௌனம். பிறகு இரங்கல் உரை.

"அன்னாரை நான் நேர்ல பாத்ததில்ல. ஆனா ஆறு வருஷமா ஒருநாள்கூட விடுப்பு எடுக்காம, சம்பளம் கேக்காம, இருநூத்திப் பதினாலு பேரத் தாங்கிக்கிட்டு நின்னார்னு கேள்விப்படும்போது, நாமெல்லாம் என்ன செஞ்சோம்னு ஒரு கேள்வி வருது. அந்தக் கேள்விய நான் இத்தோட நிறுத்திக்கறேன்."

பம்புப் பொறியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "துரு பிடிச்சுதான் போனாரா?" என்று என் காதில் கேட்டார்.

நியமன உத்தரவு மாலையில் வந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான். வாரிசு, பதிப்பு 1.0.

"மேடம், நாலு புள்ளி ஒன்பதுன்னுதானே கேட்டிருந்தேன்?"

"கருணை அடிப்படையில வர்றவங்க கடைநிலைப் பதவியிலதான் சேர முடியும். தலைவரோட வாரிசா இருந்தாலும் அப்படித்தான். கடைநிலைன்னா ஒண்ணு புள்ளி பூஜ்யம்."

"அது இருபது வருஷத்துக்கு முந்தினது மேடம்!"

"அப்ப அனுபவம் இருக்குமே."

பழைய பொருள் அறையில் தேடி, தூசி தட்டி, 1.0-ஐ எடுத்து வந்து உத்தரவுப்படி நிறுவினேன். இரண்டாவது தட்டலும் தீர்ந்தது. அந்தப் பட்டியலில் நம்பத்தக்கவர்கள் என்று நாலே நாலு நிறுவனங்களின் பெயர் இருந்தது. மூன்று இப்போது உயிரோடு இல்லை. நாலாவது மரச்சாமான் விற்கிறது. நீர்த்தேக்கத்தின் பெயர் இல்லை, நீர்த்தேக்கத்துக்குச் சாட்சி சொல்லக்கூடியவர்களின் பெயரும் இல்லை. பொட்டி ஒவ்வொரு உத்தரவையும் வாங்கிப் பார்த்து, 'அனுப்பியவரை எனக்குத் தெரியாது' என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. நாற்பத்து மூன்று வால்வும் மூடிக்கொண்டன. ஒன்றாந்தேதிவரை பொறுத்திருந்தால்கூட இரண்டு நாள் தண்ணீர் கிடைத்திருக்கும்.

உயரதிகாரிகள் குடியிருப்புக்கு மட்டும் தண்ணீர் போயிற்று. அங்கே இருப்பது கையால் திருகும் பழைய வால்வு. அது யாரையும் நம்புவதில்லை, சந்தேகப்படுவதும் இல்லை, திருகினால் திறக்கும்.

தொலைபேசி அலறியது. நான் குழு அறைக்கு ஓடினேன்.

"நகரத்துல சொட்டுத் தண்ணி இல்ல சார்."

"என் வீட்ல வருதே?" என்றார் தலைவர்.

"புதுப் பட்டியல் யாரையுமே நம்ப மாட்டேங்குது சார்."

"புதுசா வேலைக்குச் சேர்ந்தவர் அப்படி ஜாக்கிரதையாத்தான் இருப்பார். எனக்குப் பிடிச்சிருக்கு. போகப்போகப் பழகிடுவார். தகுதிகாண் பருவம் ரெண்டு வருஷம்தான?"

இரண்டாம் நாள் முற்பகல், கட்டுப்பாட்டு அறைக் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு அக்கா வந்தாள். தலையில் ஆளுயர மூட்டை. அதை என் மேசைமேல் பொத்தென்று போட்டாள். ஆஸ்பத்திரி விரிப்புகள். அவை எப்படி இருந்தன என்று நான் எழுதப்போவதில்லை, பிரசவ ஆஸ்பத்திரி என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

"பாத்துக்கோ. நேத்து முந்நூறு, இன்னிக்கு முந்நூறு. நாளைக்குக் காலைல அறுநூறும் வெள்ளையாப் போகலைன்னா நான் கடையச் சாத்திட்டு உன் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரவேண்டியதுதான். அங்க பெத்துப்போட்டுப் படுத்திருக்கிறவங்க வெறும் ரப்பர் ஷீட்ல படுத்திருக்காங்கடா. பச்சக் குழந்தைங்க. உங்க ஆபீஸ்ல யாருக்காவது குழந்தை குட்டி இருக்கா இல்லையா?"

நடந்ததையெல்லாம் சொன்னேன். பதவி உயர்வு, மச்சம், மௌன அஞ்சலி, வாரிசு. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் இரண்டு கேள்வி கேட்டாள்.

"சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

"பதினொரு விநாடி."

"என்ன செய்யணும்?"

திரையைக் காட்டினேன். அன்று காலை வழக்கம்போல் அடித்துவிட்டு அழிக்காமல் வைத்திருந்த ஒரு வரி அங்கே இருந்தது, துடிக்கும் கோட்டோடு. "இந்தப் பெரிய விசைய ஒருதரம் தட்டணும். ஆனா தட்டக் கூடாது. விதி ஒன்பது."

"அந்தக் காகிதத்தக் காட்டு."

அக்கா படித்தது எட்டாவது. ஆனால் துணியின் உள்பக்கம் தைத்திருக்கும் சீட்டைக் கடைசி எழுத்துவரை படிக்காமல் எதையும் தண்ணீரில் முக்கமாட்டாள். 'காய்ச்சலாகாது' என்றிருந்தால் காய்ச்சமாட்டாள், 'காய்ச்சலாகாது' என்றில்லாவிட்டால் காய்ச்சிவிடுவாள். அதே கண்ணோடு விதி ஒன்பதை வாய்விட்டு வாசித்தாள்.

"'வாரியப் பணியாளர் எவரும்...' பணியாளர்னா?"

"இங்க வேலை பாக்கறவங்க."

"நான் லாண்டரி" என்றாள். என்றவள் விசையைத் தட்டிவிட்டாள்.

நான் எழுந்திருப்பதற்குள் திரையில் எழுத்துகள் ஓடின. பழையது எடுக்கப்படுகிறது, புதியது வைக்கப்படுகிறது, முடிந்தது. பதினொரு விநாடிகூட ஆகவில்லை, ஒன்பதுதான். பொட்டி நீர்த்தேக்கத்தின் உத்தரவை மறுபடி வாங்கிப் பார்த்தது. இம்முறை திருப்பி அனுப்பவில்லை. எங்கோ தரைக்கு அடியில் வால்வுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொள்வது திரையில் பச்சைப் பச்சையாகத் தெரிந்தது. நாற்பத்து மூன்றாவது பச்சையானபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா அதற்குள் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"இவ்வளவுதானா? இதுக்கா நாப்பது நாள்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் குழு கூடியது. அக்காவையும் வரவழைத்திருந்தார்கள். அறுநூறு விரிப்பையும் அனுப்பிவிட்டு, சோப்பு நுரை காயாத கையோடு வந்திருந்தாள். தலைவர் விசாரணையைத் தொடங்கினார்.

"நீங்கதான் அழுத்தினீங்களா?"

"ஆமாங்க."

"ஏன்?"

"தண்ணி வரலைங்க."

விதியம்மா புத்தகத்தில் ஏற்கத்தக்க காரணங்களின் பட்டியலைப் புரட்டினார். "அப்படி ஒரு காரணமே இதுல இல்ல சார்."

"உங்க மேல கடுமையான நடவடிக்கை எடுக்கப் போறோம்" என்றார் தலைவர். "உங்கள சஸ்பெண்ட் பண்றோம்."

"எதுல இருந்துங்க?"

பம்புப் பொறியாளர் மேசை மேலிருந்த மணியைப் பார்த்தார். வாரியத்தின் வரலாற்றில் இப்படி ஒரு சிக்கல் வந்ததில்லை. பணியாளர் அல்லாதவரைப் பணியிடை நீக்கம் செய்ய விதியில் இடமில்லை. தண்டிக்காமல் விட்டாலோ குழுவின் மானம் கப்பலேறும். விதியம்மா ஒரு மணி நேரம் புத்தகத்தில் மூழ்கி எழுந்தார். முகத்தில் வெளிச்சம்.

"முதல்ல வேலைக்கு எடுத்துக்கலாம் சார். முந்தாநாள் தேதியிட்டு. அப்புறம் சஸ்பெண்ட் பண்ணலாம்."

"எந்தப் பதவியில?"

"அதிகார துஷ்பிரயோகம்னுதான் குற்றம் சாட்டணும். அதுக்கு அந்த அதிகாரம் அவங்களுக்கு இருந்திருக்கணும். விசையழுத்த உத்தரவு போடற அதிகாரம் உதவிப் பொறியாளருக்குக் கீழ யாருக்கும் கிடையாது."

"பதவிப் படி தாண்டற பிரச்சினை வராதே?"

"வராது சார். இது பதவி உயர்வு இல்ல, புது நியமனம்."

நியமன உத்தரவும் பணியிடை நீக்க உத்தரவும் ஒரே உறையில் வந்தன. என் அக்கா வாரியத்தின் உதவிப் பொறியாளர், எனக்கு மூன்று படி மேலே. பணியிடை நீக்கத்தில் இருப்பவருக்கு மாதாமாதம் பாதிச் சம்பளம், வேலைக்கு வரக் கூடாது. என் மேல் குற்றமில்லை என்று விதியம்மாவே எழுதினார். காப்பாளரின் கடமை இயந்திரத்தைக் காப்பது, இயந்திரம் நன்றாக இருக்கிறது. 4.9 மேல் விசாரணை நடக்கும், முடியும்வரை அவர் பதவியில் தொடரலாம். ஏழு படி தாண்டியதை விசாரிக்கக் குறைந்தது பதினாறு வருடம் பிடிக்குமாம்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த மாதம் பொட்டி மறுபடி ஒரு வரி காட்டியது. முப்பத்தொரு பேக்கேஜுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது, அதில் ஒன்று கதவில் நின்று யார் என்று கேட்பது. அதில் இருந்த ஓட்டை வழியாக எவன் வேண்டுமானாலும் உள்ளே வந்து வால்வை மூடிவிடலாம். நான் குழுவுக்குப் போகவில்லை. நேராகச் சலவைக்கடைக்குப் போனேன்.

"அக்கா, ஒருதரம் வந்து தட்டிட்டுப் போ."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எப்படிடா? நான் இப்ப ஸ்டாஃப். விதி ஒன்பது. தொடக் கூடாது." குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது என்றே நினைக்கிறேன். பிறகு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த அத்தானைத் திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, சட்டையப் போட்டுக்கிட்டு இவன்கூடப் போய்ட்டு வாங்க."

அந்த மாதம் அத்தான் உதவிப் பொறியாளர் ஆனார். அதற்கடுத்த மாதம் கடையில் இஸ்திரி போடும் பெண், அப்புறம் எதிர்வீட்டு ரொட்டிக்கடைக்காரர், அப்புறம் மாடி வீட்டில் சும்மா இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர். ஒவ்வொரு முறையும் குழு கூடுகிறது, காரணம் கேட்கிறது, பட்டியலில் இல்லை என்கிறது, ஒரே உறையில் இரண்டு உத்தரவு கொடுக்கிறது. எங்கள் பொட்டியில் இன்று பழைய பேக்கேஜ் ஒன்றுகூடக் கிடையாது. குழுவின் கடுமையான கண்காணிப்பே இதற்குக் காரணம் என்று தலைவருக்கு ஒரு கேடயம் கொடுத்திருக்கிறார்கள்.

அக்காவின் தெருவில் இப்போது பதினேழு உதவிப் பொறியாளர்கள். எல்லாரும் பணியிடை நீக்கத்தில் இருக்கிறார்கள், எல்லாரும் எனக்கு மேலதிகாரிகள். அந்தத் தெருவைக் கடக்கும்போது வீட்டுக்கு வீடு நின்று வணக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. தண்ணீர் ஒருநாள்கூட நிற்கவில்லை. ஆனால் தெருவில் ஆள் தீர்ந்துவிட்டது. அடுத்த மாதத்துக்குப் பக்கத்துத் தெருவில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். படிப்பு, அனுபவம் எதுவும் வேண்டாம், ஒரு விரல் இருந்தால் போதும். வாரியத்தில் வேலை பார்ப்பவராக மட்டும் இருக்கக் கூடாது.